ஓடும்போது கதை கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது ஆண்டுகளாகக் கதை கேட்டுக்கொண்டே ஓடுகிறேன். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம்; அதில் மூன்று நாள் யாராவது ஒருவர் என் காதில் கதை வாசித்துக்கொண்டிருப்பார். இதைச் சொன்னால் ஓட்டக்காரர்கள் ஒரு விதமாகவும் வாசகர்கள் வேறு விதமாகவும் சந்தேகப்படுகிறார்கள். ஓட்டம் கெட்டுப்போகாதா என்பது முதல் தரப்பின் கவலை. கதை கெட்டுப்போகாதா என்பது இரண்டாம் தரப்பின் கவலை. இரண்டுமே நியாயமான கவலைகள். இருவரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒன்றுசேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ஓடிக்கொண்டே கேட்டால் கதை மனதில் பதியுமா?

மெதுவாக ஓடினால் பதியும். மூச்சிரைக்க ஓடினால் பதியாது. கீழே சொல்லப்போகும் பலவும் இந்த ஒரு பதிலிலிருந்து கிளைத்தவைதான்.

அளந்து பார்க்க எளிய வழி உண்டு. உங்களோடு ஒருவர் கூடவே ஓடி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் நாலு வாக்கியம் தொடர்ந்து பேச முடிகிற வேகம் என்றால் கதையும் கேட்கலாம். மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கதை காதில் விழும், உள்ளே போகாது. மூளை ஆய்வாளர் ஆர்னே டீட்ரிக் 2003-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். உடல் கடுமையாக உழைக்கும்போது அசைவைக் கவனிக்கும் பகுதிகளுக்கு மூளை முன்னுரிமை கொடுக்கிறது. யோசிப்பது, கோத்து நினைவில் வைப்பது போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்பகுதி அந்நேரத்துக்குச் சற்று அடங்கிப்போகிறது என்றார் அவர். கருதுகோள்தான் என்றாலும் என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது.

என் வழக்கமான பாதையில் ஒரு பாலம் இருக்கிறது. ஏறுவதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் வாசிக்கப்பட்டது எதுவும் எனக்கு நினைவில் நின்றதில்லை. ஒருநாள், கதையில் ஒரு பெண் கடிதத்தைப் பிரிக்கும்போது நான் ஏறத் தொடங்கினேன். உச்சிக்கு வந்தபோது அவள் ரயிலில் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துகொள்ளத் திரும்பவும் ஓடவிட்டுக் கேட்டேன். இப்போதெல்லாம் பாலத்தின் அடியிலேயே நிறுத்திவிடுகிறேன். மேலேறி, மூச்சு சீரான பிறகு தொடர்கிறேன்.

பாட்டு இருக்கும்போது கதை எதற்கு?

இரண்டும் செய்யும் வேலை வேறு. பாட்டு நேராகக் காலோடு பேசுகிறது. லண்டனில் உள்ள புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராகியோர்கிஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். மிதமான உழைப்பில் பாட்டு களைப்புணர்வைக் குறைக்கிறது. தாளம் காலடியைத் தன் போக்குக்கு இழுக்கிறது. வேகமாக ஓட விரும்பும் நாளில் இது நல்ல துணை.

பேச்சுக்கு அப்படிப்பட்ட தாளம் கிடையாது. அதனால் கதை உங்கள் வேகத்தைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாக ஓடுவதுதான் பலருக்கும் கடினமாக இருக்கிறது. அங்கேதான் கதையின் உதவி பெரியது. வேகம் கூடினால் கதை நழுவத் தொடங்கும். நழுவுகிறது என்று தெரிந்ததும் காலைத் தளர்த்துவேன். கைக்கடிகாரம் இதயத்துடிப்பைக் காட்டி எச்சரிப்பதற்கு முன்பே கதை எச்சரித்துவிடும்.

எந்த ஓட்டத்துக்கு எந்தக் கதை?

முதலில் ஓட்டத்தை முடிவு செய்யுங்கள். பிறகு அதற்கேற்ற கதையைத் தேடுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான் "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள்.

அரை மணி, முக்கால் மணி நேர மெல்லோட்டத்துக்குச் சிறுகதையைப்போல் பொருத்தமானது எதுவுமில்லை. ஆங்கில ஒலிநூல்களில் வாசிப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் வாசிப்பார். அந்தக் கணக்கில் 4,500 சொல் உள்ள கதை அரை மணி நேரத்தில் முடியும். தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள்வதால் சொல்லை எண்ணிப் பயனில்லை. பதிவின் நிமிடக் கணக்கைப் பார்த்தால் போதும். சிறுகதை என்ற வடிவமே ஒரே மூச்சில் படித்து முடிக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது. வீட்டில் அப்படிப் படிக்க எத்தனை நாள் வாய்க்கிறது? மேசையில் போன் அதிரும், யாராவது கூப்பிடுவார்கள், அடுப்பில் ஏதாவது பொங்கும். ஓட்டத்தில் அந்த அரை மணி நேரம் முழுவதும் கதைக்குக் கிடைக்கிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இடையில் யாரும் வராமல் ஒரு சிறுகதையைக் கேட்டு முடிக்கும் நிறைவு எனக்கு ஓட்டத்தில்தான் அதிகம் வாய்த்திருக்கிறது.

ஒன்றரை மணி, இரண்டு மணி நேர நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு நாவல். ஆனால் எல்லா நாவலும் தாங்காது. ஒரே ஆளின் குரலில் போகும் தன்மைக் கதைகள் மிக நன்றாக ஒத்துவருகின்றன. பக்கத்தில் ஒருவர் ஓடிக்கொண்டே தன் வாழ்க்கையைச் சொல்வதுபோல் இருக்கும். வார இதழ்களில் தொடராக வெளிவந்த நாவல்களும் அப்படித்தான். வாரத்துக்கு ஒருமுறை வாசகரைப் பிடித்து இழுக்க எழுதப்பட்டதால் அவற்றில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கேள்வியில் போய் நிற்கும். முந்தைய வாரம் நடந்தது அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் இயல்பாக நினைவூட்டப்படும். ஞாயிறு ஓட்டத்தில் விட்டதை அடுத்த ஞாயிறு தொடர்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒத்துவராதவை: ஒரே மாதிரிப் பெயருள்ள பத்துப் பதினைந்து பாத்திரங்கள் வரும் குடும்பப் பெருங்கதைகள், காலம் முன்னும் பின்னும் தாவும் கதைகள், அடிக்குறிப்புகளோடு விளையாடும் நாவல்கள், அரைப் பக்கம் நீளும் வாக்கியங்கள். இவை நல்ல படைப்புகள், கண்ணால் படிப்பதற்கானவை. காகிதத்தில் இரண்டு பக்கம் பின்னால் போய் "இவன் யார்?" என்று பார்த்துக்கொள்ளலாம். ஏழாவது கிலோமீட்டரில் அது நடக்காது. ஒரு பெரிய நாவலை மூன்று வாரம் இப்படிக் கேட்டுவிட்டு, அண்ணன் யார் தம்பி யார் என்று பிரித்தறிய முடியாமல் நிறுத்தினேன். பிறகு புத்தகமாக வாங்கிப் படித்தபோது அது எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டது என்று புரிந்தது.

கவிதையை நான் வேறு விதமாகக் கேட்கிறேன். ஒரே ஒரு கவிதை, இரண்டு நிமிடத்துக்குள். கேட்டதும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் வெறும் காதோடு ஓடுவேன். எந்த வரி தங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி அதையே கேட்பேன். ஒரு ஓட்டத்தில் இப்படி ஐந்தாறு முறை ஒரே கவிதையைக் கேட்டு, மனப்பாடம் செய்யும் நோக்கமே இல்லாமல் மனப்பாடம் ஆகியிருக்கிறது.

வேக ஓட்டமும் ஓய்வு ஓட்டமும் மாறி மாறி வரும் பயிற்சி நாளில் கதை வேண்டாம். இருட்டில் தனியாக ஓடும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பேய்க்கதையும் வேண்டாம். பயத்தில் தோள்கள் இறுகி, மூச்சு மேலே மேலே போய், ஓட்டமே கெட்டுவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஆங்கிலம் பழக்கம் என்றால் தி நியூயார்க்கர் இதழின் புனைகதை பாட்காஸ்டைத்தான் முதலில் சொல்வேன். 2007-இல் தொடங்கியது. இதழின் புனைகதை ஆசிரியர் டெபோரா டிரீஸ்மன் நடத்துகிறார். மாதம் ஒருமுறை ஓர் எழுத்தாளர் வந்து, அந்த இதழில் முன்பு வெளியான இன்னொருவரின் கதையைத் தேர்ந்தெடுத்து வாசிப்பார். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். இந்த அமைப்பு ஓட்டத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது: போகும்போது கதை, திரும்பும்போது உரையாடல். கதையில் நீங்கள் கவனிக்காமல் விட்டதைத் திரும்பும் வழியில் யாரோ எடுத்துச் சொல்கிறார்கள். ஓர் எழுத்தாளர் இன்னொருவரின் வரியை எந்த இடத்தில் நிறுத்தி மூச்சுவிட்டு வாசிக்கிறார் என்பதே தனிப் பாடம்.

நியூயார்க்கின் சிம்பனி ஸ்பேஸ் அரங்கிலிருந்து 1985 முதல் நடந்துவரும் செலக்டட் ஷார்ட்ஸ் நிகழ்ச்சியில் நடிகர்கள் பார்வையாளர்கள் முன் சிறுகதை வாசிக்கிறார்கள். அரங்கில் எழும் சிரிப்பும் அமைதியும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். தனியாக ஓடுபவருக்கு அந்தக் கூட்டம் பெரிய துணை. அறிவியல் புனைகதை பிடிக்கும் என்றால் 2005-இல் தொடங்கிய எஸ்கேப் பாட். அதன் கிளைகளாக திகிலுக்கு சூடோபாட், மாயக்கதைகளுக்கு பாட்கேசில். பழைய நாவல்களை லிப்ரிவாக்ஸில் இலவசமாகக் கேட்கலாம். ஹியூ மெக்குவயர் 2005-இல் தொடங்கியது அது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறும் பதிவுகளும் உண்டு என்பதால், ஒரே குரலில் முழுவதும் வாசிக்கப்பட்டதாகத் தேடி எடுங்கள். பாதி நாவலில் கதாநாயகியின் குரல் மாறினால் அவளை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது.

தமிழில் கேட்க விரும்புபவர்களுக்கு ஓர் ஆலோசனை. முதலில் ஏற்கெனவே படித்த கதையைக் கேளுங்கள். நமக்குத் தெரிந்த கதையை வேறொருவர் வாசிக்கும்போது நாம் தாண்டிப்போன வரிகள் காதில் வந்து நிற்கும். வழி தெரிந்த கதை என்பதால் கவனம் நழுவினாலும் பயமில்லை. வாசிப்பவரின் ழகரமும் ளகரமும் சரியாக இருக்கின்றனவா, உரையாடலில் ஆளுக்கேற்பக் குரல் மெல்ல மாறுகிறதா என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பின்னணி இசை பேச்சை மூடும் பதிவுகளை வெளியில் ஓடும்போது தவிர்த்துவிடுங்கள். காற்றும் வாகனங்களும் சேர்ந்தால் ஒரு சொல்லும் கேட்காது.

கதை வாசிக்கும் பாட்காஸ்டா, இலக்கியம் பேசும் பாட்காஸ்டா?

களைப்பான நாளில் பேச்சு, தெம்பான நாளில் கதை. உரையாடலில் இரண்டு நிமிடம் போனாலும் பேச்சு அதே இடத்தைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கும், மறுபடி சேர்ந்துகொள்ளலாம். கதையில் இரண்டு நிமிடத்தில் ஒருவர் இறந்துபோயிருப்பார். பிபிசி உலகச் சேவையில் 2002 முதல் வரும் வேர்ல்ட் புக் கிளப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு நூல், அதன் ஆசிரியர், உலகெங்கிலுமிருந்து வாசகர்களின் கேள்விகள். ஒரு நாவலை முடித்த வாரத்தில் அதே நாவலைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓடுவது எனக்கு மிகவும் பிடித்தது. முடிப்பதற்கு முன்பு மட்டும் கேட்காதீர்கள், முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

நடுவில் கவனம் போய்விட்டால்?

போகும். நாய் குறுக்கே வரும், செருகிய காலணிக் கயிறு அவிழும், வேறு யோசனை வரும். ஒரு நிமிடத்துக்குள் என்றால் விட்டுவிட்டு மேலே கேளுங்கள். முக்கியமானதை நல்ல எழுத்தாளர் ஒரே இடத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அதைவிட அதிகம் என்றால் பின்னால் போங்கள். செயலியின் அமைப்புகளில் 'பின்செல்' பொத்தானை 30 நொடிக்கு வைத்துக்கொண்டால் இரண்டு அழுத்தலில் வேலை முடியும். பொத்தான் உள்ள இயர்போன்தான் ஓட்டத்துக்கு நல்லது. தொட்டால் இயங்கும் வகையில் வியர்வை வழிந்த விரல் பட்டதும் ஒரு முழு அத்தியாயமே தாவிவிடும். நடந்திருக்கிறது: கொலை நடந்த அத்தியாயத்திலிருந்து நேராகத் தீர்ப்பு நாளுக்குப் போய்விட்டேன்.

வேகத்தைக் கூட்டிக் கேட்கலாமா?

பேட்டிகளை ஒன்றேகால் மடங்கில் கேட்பதில் குற்றமில்லை. கதையை மட்டும் அப்படிக் கேட்காதீர்கள். வாசிப்பவர் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே விடும் மௌனமும் கதையில் சேர்ந்ததுதான். ஒன்றரை மடங்கில் முதலில் காணாமல்போவது அந்த மௌனம்.

சாலையில் ஓடும்போது ஆபத்தில்லையா?

இருக்கிறது, பாட்டைவிடக் கதையில் அதிகமாகவே இருக்கிறது. பாட்டு காதை நிரப்புகிறது. கதை காதோடு மனதையும் எடுத்துக்கொண்டுபோய்விடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருப்பத்தில், கதையில் ஒரு கிழவர் பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பார்க்காமல் இடப்பக்கம் திரும்பினேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்திருக்கிறார். எனக்கு அது கேட்கவே இல்லை. அவர் கைப்பிடியை வளைத்து விழுந்தார், முழங்கை உரிந்தது. தவறு முழுவதும் என்னுடையது. அன்றிலிருந்து சில விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சாலையைக் கடக்கும் இடம் வந்தால் கதையை நிறுத்திவிடுவேன். வாகனம் தெரியாவிட்டாலும் நிறுத்துவேன். பழக்கம் கைக்கு வந்துவிட்டது. வாகனங்கள் வரும் திசைக்கு எதிர்முகமாக ஓடுவேன். வெளிச்சத்தத்தை அடக்கும் வசதியை ஓட்டத்தில் ஒருபோதும் இயக்குவதில்லை. இயர்போனை ஒரு காதில் மட்டும் வைப்பது கதைக்குப் போதும்; பாட்டுபோல இரு பக்கமும் பிரிந்து வரும் ஒலி இதில் இல்லை, ஒரே குரல்தான். அதைவிட நல்ல வழி எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்போன். காதுக்கு முன்னால் கன்ன எலும்பின்மேல் உட்கார்ந்து அதிர்வை நேராக உட்செவிக்கு அனுப்பும்; காதுத்துளை திறந்தே இருக்கும். பாட்டுக்கு இதில் ஆழம் போதாது என்று குறை சொல்வார்கள், பேச்சுக்கு அந்தக் குறை தெரியாது. பேருந்துகள் நெருக்கமாக ஓடும் சாலையில் கதை கேட்காது என்பது உண்மை. அப்படிப்பட்ட சாலையில் கேட்கவே வேண்டாம்.

போட்டி ஓட்டங்களில் அனுமதி உண்டா?

நடத்துபவர்களின் விதியைப் படித்துவிட்டுப் போங்கள். அமெரிக்கத் தடகள அமைப்பு 2007-இல் இயர்போன்களை முழுவதுமாகத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே தளர்த்தி, பதக்கத்துக்கும் பரிசுக்கும் ஓடுபவர்களுக்கு மட்டுமே அந்தத் தடை என்று மாற்றியது. பிரிட்டனில் 2016 முதல், போக்குவரத்து முழுவதும் நிறுத்தப்படாத சாலைகளில் நடக்கும் போட்டிகளில் எலும்புவழி ஹெட்போனைத் தவிர மற்றவற்றுக்கு அனுமதியில்லை. விதி எதுவானாலும் போட்டி நாளில் நான் கதை கேட்பதில்லை. வழியோரம் நின்று கைதட்டுபவர்களின் குரலைக் கேட்காமல் போவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாக எனக்குப் படவில்லை.

காது கெட்டுப்போகுமா?

சத்தத்தைப் பொறுத்தது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அதே வரம்பு வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். வெளிச்சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஓட்டக்காரர்கள் செய்யும் தவறு. அமைதியான பாதையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பாதி ஒலியிலேயே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.

வியர்வைக்குத் தாங்கும் இயர்போனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஓட்டத்துக்கு முதலாவதே போதும். ஓடி வந்ததும் துடைத்துவிட்டு, ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடாமல் இருந்தால் பல ஆண்டு வரும்.

கதை கேட்பதற்காகவே ஓடுவது சரியா?

தாராளமாக. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேட்டி மில்க்மனும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. 226 பேர். ஒரு பிரிவினருக்கு விறுவிறுப்பான நாவல்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கக் கிடைத்தன. கருவி அங்கேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு பிரிவினரின் சொந்தக் கருவியிலேயே நாவல்களை ஏற்றிக்கொடுத்து, பயிற்சியின்போது மட்டும் கேளுங்கள் என்று ஊக்கப்படுத்தினார்கள். நாவல் கிடைக்காத பிரிவினரோடு ஒப்பிட்டால், தொடக்கத்தில் முதல் பிரிவினர் 51 சதவீதமும் இரண்டாம் பிரிவினர் 29 சதவீதமும் கூடுதலாக வந்தார்கள். வாரங்கள் போகப்போக இந்த வேறுபாடு தேய்ந்தது. நடுவில் வந்த விடுமுறைக்குப் பிறகு பெரிதும் குறைந்துபோனது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஓட்டத்துக்கென்று வைத்த நாவலை வீட்டில் தொடுவதில்லை. செவ்வாய்க்கிழமை இரவு அந்த நாவலில் என்ன ஆகும் என்று தவித்தால், புதன்கிழமை காலை அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடும். விடுமுறையிலோ காய்ச்சலிலோ தொடர்ச்சி அறுந்துபோனால் பழைய நாவலை விட்டுவிட்டுப் புதியதொன்றைத் தொடங்குவேன். பாதியில் ஆறிப்போன கதை யாரையும் படுக்கையிலிருந்து எழுப்பாது.

ஒலிநூல் நிறுவனமான ஆடிபிளை 1995-இல் தொடங்கிய டான் காட்ஸ் ஓடும்போது கேசட்டில் புத்தகம் கேட்டவர். அந்த நிறுவனம் 1997-இல் வெளியிட்ட கையடக்கக் கருவியில் இரண்டு மணி நேரப் பேச்சுதான் கொள்ளும். ஒரு நெடுந்தொலைவு ஓட்டத்துக்குச் சரியாகப் போதுமான அளவு!

சோகக் கதை கேட்டு அழுகை வந்தால்?

நடங்கள். அழுகை வந்தால் தொண்டை அடைக்கும். தொண்டை அடைத்தால் மூச்சு முட்டும். அந்நிலையில் ஓடுவது முடியாத காரியம். ஒரு தாய் தன் மகனின் சட்டையை மடித்து வைக்கும் இடத்தில் நான் ஒருமுறை நின்றே விட்டேன். எதிரே நடந்து வந்த ஒரு பெரியவர் அடிபட்டுவிட்டதோ என்று பதறித் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். கதை என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. என்ன கதை என்று கேட்டார். இருவரும் அடுத்த திருப்பம்வரை நடந்தோம், நான் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இப்படிக் கேட்பது வாசிப்பு ஆகுமா?

ஆகும் என்பது என் உறுதியான எண்ணம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2019-இல் ஒன்பது பேரை ஒரே கதைகளைக் கேட்கவும் படிக்கவும் வைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். சொற்களின் பொருள் மூளையில் பதியும் வரைபடம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பெத் ரோகவ்ஸ்கியின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நூலின் பகுதியைக் கேட்டவர்களுக்கும் திரையில் படித்தவர்களுக்கும் புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் இல்லை. அவர்கள் யாரும் ஓடிக்கொண்டு கேட்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அதனால்தான் வேகத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

ஒரு வேறுபாடு உண்டு. வாக்கியத்தின் அழகில் நின்றுவிட, பென்சிலால் கோடிட, ஒலியில் வழியில்லை. பிடித்த வரி வந்தால் நிமிடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தை மறுபடி கேட்டு நோட்டில் எழுதுகிறேன்.

ஓடிய இடத்துக்கு மறுபடி வரும்போது கேட்ட கதை நினைவுக்கு வருவது ஏன்?

இதைக் கேட்காத கதையோட்டக்காரரே இல்லை. முதல்முறை நடக்கும்போது உடல் சிலிர்த்துவிடும்.

நினைவு இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது மிகப் பழைய அறிவு. கிரேக்கக் கவிஞர் சைமனிடீஸைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். விருந்து மண்டபம் இடிந்து விழுந்து உடல்கள் அடையாளம் தெரியாமல் போனபோது, யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்ற இடத்தை வைத்தே ஒவ்வொருவரையும் அவர் சொன்னாராம். அதிலிருந்து பிறந்ததுதான் மனதுக்குள் ஒரு வீட்டைக் கட்டி அறைக்கு அறை நினைவுகளை வைக்கும் முறை. பழங்காலப் பேச்சாளர்கள் உரையை நினைவில் வைக்க இப்படி முயன்று செய்ததை ஓட்டம் தானாகவே செய்துவிடுகிறது. படிக்கும்போது நாற்காலி நகர்வதில்லை. எல்லாக் கதையும் அதே நாற்காலியில்தான். ஓடும்போது ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மரம், ஒரு சுவர், ஒரு வளைவு கிடைக்கிறது.

என் பாதையில் ஒரு சிறிய மதகு இருக்கிறது. அதன் வலப்பக்கச் சுவரில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரியும். அந்த இடத்தில்தான் ஒரு நாவலின் தங்கை வீட்டைவிட்டுப் போனாள். ஆறு ஆண்டு ஆகிறது. அந்தக் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கையிலிருந்த சிறிய பெட்டியும், வாசித்தவரின் குரல் அந்த இடத்தில் சற்றுத் தணிந்ததும் நினைவுக்கு வருகின்றன. கொஞ்சம் தள்ளி உள்ள மின்கம்பத்தில் இரண்டு சகோதரர்கள் சமாதானம் ஆனார்கள். நீர்த்தொட்டிக்குக் கீழே ஒரு துப்பறிவாளர் தன் தவறை ஒப்புக்கொண்டார். வேறு யாருக்கும் அது வெறும் ஏழு கிலோமீட்டர் பாதை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே பாதையில் கதைமேல் கதையாக ஏற்றினால் பழையவை மங்கும். அதனால் எனக்கு மிகவும் முக்கியமான நாவல் என்று தோன்றினால், அதற்கென்று இதுவரை ஓடாத ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கிறேன். முடிந்த பிறகு அந்தப் பாதையில் வேறு கதை கேட்பதில்லை.

எதுவும் கேட்காமல் ஓடும் நாள் வேண்டுமா?

வேண்டும். வாரத்தில் ஒன்றாவது. ஒரு நாவலை முடித்த மறுநாள் நான் வெறும் காதோடுதான் ஓடுவேன். அந்த நாவலின் ஆட்கள் அன்றைக்கும் கூடவே வருகிறார்கள். அவர்கள்மேல் உடனே இன்னொரு கதையைக் கொண்டுபோய்க் கொட்ட மனம் வருவதில்லை.

ஓட்டம் முடிந்துவிட்டது, கதை முடியவில்லை. என்ன செய்வது?

இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடலாம் என்று தோன்றும். உடல் ஒத்துழைத்தால் ஓடுங்கள். பயிற்சித் திட்டத்தில் இல்லாத தூரத்தைக் கதைக்காக அடிக்கடி சேர்க்காதீர்கள், முழங்கால் அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளும். நான் கடைசி ஐந்து நிமிடத்தை எப்போதும் நடப்பதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். ஓட்டம் முடிந்ததும் உடல் ஆறுவதற்கு எப்படியும் நடக்க வேண்டும். கதையின் கடைசிப் பக்கத்தையும் அந்த நடையில் கேட்டுவிடலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் வாசலில் நின்றுகொள்வேன். சாவி கையில் இருக்கும், சட்டை முதுகில் ஒட்டியிருக்கும், உள்ளே போனால் பேச வேண்டியிருக்கும். வாசித்தவர் ஆசிரியரின் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் கதவைத் திறப்பேன்.